பழைய ஆம்னிக்கு டிஸ்க் பிரேக்

மாருதி ஆம்னியை யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1984-ல் 'மாருதி வேன்' என்று வந்து, 2019-ல் உற்பத்தி நின்ற வண்டி. 796 சிசி எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில் இருப்பதால், ஓட்டுபவரின் முழங்காலுக்கு முன்னால் வெறும் தகடுதான். எனக்கு மிகப் பிடித்த வண்டி இது. ஆனால் இதில் முதலில் செலவழிக்க வேண்டியது பிரேக்குக்குத்தான்.

எங்களுடையது பழைய மாடல். நாலு சக்கரமும் டிரம், மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் கிடையாது. மழைத்தண்ணீர் டிரம்முக்குள் போய்விட்டால் பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும். ஜமுனாமரத்தூர் மலையிலிருந்து இறங்கும்போது மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, பிரேக் பிடிமானம் குறைந்துகொண்டே போகும். அதனால் பிந்தைய ஆம்னியின் முன் டிஸ்க், காலிப்பர், பூஸ்டர் எல்லாவற்றையும் மாற்றிச் சில வாரங்களாக ஓட்டுகிறேன்.

செங்கம் ரோட்டில், ரமணாசிரம வாசலருகே, ஆட்டோ சொல்லாமல் திரும்பும். பௌர்ணமியன்று கிரிவலம் வருகிறவர்கள் ரோட்டையே நிறைத்து நடப்பார்கள். முன்பு முதுகைச் சீட்டில் அழுத்திக்கொண்டு மிதிப்பேன். இப்போது காலை லேசாக வைத்தால் போதும், வண்டி இழுக்காமல் நேராக நிற்கிறது. ஈர ரோட்டிலும் அப்படியே. இந்த ஒன்றுக்காகவே செலவு தகும்.

மாஸ்டர் சிலிண்டர் விஷயத்தில் மட்டும் யார் சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். "பழசே போதும் சார், ஓடும்" என்பார்கள். டிரம்முக்கான சிலிண்டர்கள் பலவற்றில், காலை எடுத்த பிறகும் லைனில் கொஞ்சம் அழுத்தம் நிற்கும்படி ஒரு வால்வு இருக்கும். டிஸ்க்குக்கு அது ஆகாது. பேட் உரசிக்கொண்டே இருந்து வீல் கொதிக்கும்.

என் பெரிய கவலை வேறு. பெட்ரோலை மிச்சப்படுத்த, இறக்கத்தில் நியூட்ரல் போட்டு எஞ்சினை அணைக்கும் பழக்கம் நம் ஊரில் பலருக்கு உண்டு. டிரம் வண்டியிலேயே அது ஆபத்து. பூஸ்டர் வண்டியில் உயிரே போகும். பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் ஓடும் எஞ்சினிலிருந்துதான் வருகிறது. அணைத்த பிறகு ஓரிரண்டு மிதிக்குத்தான் மிச்சம் இருக்கும். அப்புறம் பெடல் கல்லாகிவிடும். வண்டியை இன்னொருவரிடம் கொடுக்கும்போது, வீட்டு வாசலிலேயே எஞ்சினை அணைத்து நாலு தடவை மிதிக்கச் சொல்கிறேன். கால் உணர்ந்ததை யாரும் மறப்பதில்லை.

பின்பக்க டிரம்மைத் தொடவில்லை. ஷூ மாற்றி, கைபிரேக் கேபிளை இறுக்கியதோடு சரி. மலை இறங்கும்போது இப்போதும் இரண்டாவது கியரில்தான் வருகிறேன்.