மிதிவண்டியோடு வந்தவரும் கதவு திறந்தவர்களும்: டெர்வ்லா மர்ஃபியின் பயண நூல்களில் வழிமனிதர்

ஆய்வுச் சுருக்கம்

தொலைதூர மிதிவண்டிப் பயண நூல்களை மதிப்பிடுவோர், வண்டியின் மெதுவான வேகமே பயணியை மக்களிடம் நெருங்கச் செய்கிறது என்று கூறுவது வழக்கம். அயர்லாந்து எழுத்தாளர் டெர்வ்லா மர்ஃபியின் (1931–2022) மிதிவண்டிப் பயண நூல்களுள் மூன்றை முன்வைத்து இக்கட்டுரை அக்கருத்தை மறு ஆய்வுக்கு உட்படுத்துகிறது. வழியில் எதிர்ப்படுவோர் நூலில் விருந்தளிப்போராக மட்டும் நிற்பதையும் தம் கருத்தைப் பேசுவோராக எழுவதையும் தீர்மானிப்பவை பயணியின் தேவையும் இருவருக்கும் பொதுவான மொழியுமே என்பது இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: பயண இலக்கியம், மிதிவண்டி, விருந்தோம்பல், டெர்வ்லா மர்ஃபி, ஆற்றுப்படை.

முன்னுரை

தமிழில் பயண இலக்கிய ஆய்வுகள் பெரும்பாலும் செய்தியை அளவுகோலாகக் கொள்கின்றன. பயணி கண்ட ஊர்கள், உணவு, உடை, பழக்கவழக்கம் ஆகியவற்றைத் தொகுத்து, 'மக்கள் வாழ்வைப் பதிவு செய்துள்ளார்' என்று முடிப்பது பல ஆய்வேடுகளில் காணப்படும் முறை. அம்மக்கள் நூலில் பேசுகிறார்களா, பேசினால் பயணியை மறுத்துப் பேச இடம் பெறுகிறார்களா என்ற வினா அரிதாகவே எழுப்பப்படுகிறது. மிதிவண்டிப் பயண நூல்களில் இவ்வினா கூடுதல் கூர்மை பெறுகிறது. ஏனெனில் இவ்வகை நூல்கள் மனிதர்களைச் சந்திப்பதையே தம் சிறப்பாக முன்வைப்பவை. கண்ணாடிச் சன்னல் இல்லை, இரைச்சலிடும் எஞ்சின் இல்லை, ஆகவே பயணிக்கும் மக்களுக்கும் இடையே தடை ஏதுமில்லை என்பது இவ்வகையின் எழுதப்படாத முன்முடிவு.

கூட்டமும் வண்டியும்

இந்த முன்முடிவு எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது என்பதற்கு இவ்வகையின் தொடக்க நூலே சான்று. தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து உயரமான முன்சக்கரம் கொண்ட வண்டியில் புறப்பட்டு, ஐரோப்பா, துருக்கி, பாரசீகம், இந்தியா, சீனா வழியாக 1886 டிசம்பரில் யோகோஹாமாவை அடைந்தார். ஆப்கானிஸ்தானுக்குள் அவர் அனுமதிக்கப்படாமல் திருப்பி அனுப்பப்பட்டார். அவருடைய நூல் 1887, 1888 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வெளிவந்தது. அதில் மனிதர்கள் பெரும்பாலும் கூட்டமாகவே வருகின்றனர். துருக்கியின் ஊர்களில் திரண்டவர்கள் வண்டியில் ஏறி ஓட்டிக் காட்டும்படி அவரை நச்சரிக்கின்றனர். அவர்கள் பார்க்க வந்தது வண்டியை, வந்தவரை அன்று. அதே வேகம், அதே திறந்த வெளி, ஆயினும் நெருக்கம் விளையவில்லை.

மிதிவண்டி வேடிக்கைப் பொருளாக இருந்த நிலை மாறி, அன்றாடப் பொருளாகிவிட்ட காலத்தில் புறப்பட்டவர் மர்ஃபி.

'ஓடு' என்னும் உருபு

லிஸ்மோர் என்னும் சிற்றூரில் பிறந்த மர்ஃபிக்குப் பத்தாவது பிறந்தநாளில் பழைய மிதிவண்டி ஒன்றும் நிலப்பட நூல் ஒன்றும் பரிசாகக் கிடைத்தன. இந்தியாவுக்கு மிதிவண்டியில் செல்வது என்று அப்போதே முடிவு செய்ததாக அவர் எழுதுகிறார். மூட்டுநோயால் முடங்கிய தாயைப் பேணுவதற்காகப் பதினான்கு வயதில் பள்ளியை விட்டவர். பெற்றோர் இருவரும் மறைந்த பின்னர், 1963 ஜனவரியில், ஐரோப்பாவை உறையவைத்த கடும் பனிக்காலத்தில் டன்கர்க்கிலிருந்து புறப்பட்டார். ஜூலையில் டெல்லியை அடைந்தார். 1965இல் வெளிவந்த 'ஃபுல் டில்ட்' அப்பயணத்தின் நூல்.

அந்நூலின் துணைத்தலைப்பு கவனிக்கத்தக்கது. 'அயர்லாந்திலிருந்து இந்தியாவுக்கு மிதிவண்டியோடு' என்று பொருள்படும் தொடர் அது. 'மிதிவண்டியில்' என்று இடப்பொருளிலோ 'மிதிவண்டியால்' என்று கருவிப்பொருளிலோ அவர் கூறவில்லை. தமிழ் இலக்கணம் மூன்றாம் வேற்றுமைக்குக் கூறும் உடனிகழ்ச்சிப் பொருளே இங்குப் பொருந்துகிறது. வண்டிக்கு அவர் இட்ட பெயர் ரோஸ்; டான் குயிக்ஸாட்டின் குதிரையாகிய ரோசினான்டேயின் சுருக்கம். கில்கித்திலிருந்து பாபுசர் கணவாயைக் கடக்கும் பகுதியில் ஏறிச் செல்வதற்கு மாறாக வண்டியை இழுத்தும் சுமந்தும் செல்கிறார். பேருந்திலும் ஏற்றிச் செல்கிறார். ஆகவே இது ஓட்டத்தின் கதை என்பதைக் காட்டிலும், ஓட்ட இயலாத இடங்களின் கதை என்று கூறுவதே பொருந்தும்.

ஓட்டம் நிற்கும் இடங்களில்தான் மனிதர்கள் வருகின்றனர். நூலைக் கூர்ந்து படிப்போர் இதனை எளிதில் உணரலாம். வண்டி உருளும் பகுதிகளில் விரிவது நிலம்: மலை, ஒளி, காற்று, வெயில். தாகம் எடுக்கும்போதும், சக்கரம் பழுதாகும்போதும், இருட்டும்போதும் மனிதர் தோன்றுகின்றனர். பகல் முழுவதும் மிதித்துக் களைத்த உடலுக்கு இரவில் ஒரு கூரை வேண்டும். காரில் செல்பவர் அடுத்த நகரத்து விடுதிவரை சென்றுவிடலாம். மிதிவண்டியில் வருபவர் பொழுது சாயும் இடத்தில் கிடைக்கும் கதவைத்தான் தட்ட வேண்டும். மெதுவான வேகம் தானாக உறவை உண்டாக்குவதில்லை. அது இயலாமையை உண்டாக்குகிறது. அந்த இயலாமை பிறரைச் சார்ந்திருக்கச் செய்கிறது.

நூலின் கட்டமைப்பும் இதனை உறுதிப்படுத்துகிறது. டன்கர்க்கிலிருந்து தெஹ்ரான் வரையிலான பயணம் ஒரு முன்னுரைப் பகுதியாகச் சுருக்கப்பட்டுள்ளது. பனிக்காட்டு ஓநாய்கள், இரவில் அறைக்குள் நுழைந்தவன், வண்டியைப் பறிக்க வந்தவர்கள் எனக் கைத்துப்பாக்கியை எடுக்க நேர்ந்த நிகழ்ச்சிகள் அப்பகுதியில் அடங்கிவிடுகின்றன. தெஹ்ரானுக்குப் பின்னர் நூல் நாட்குறிப்பாகிறது. நண்பர்களுக்கு அவ்வப்போது அஞ்சலில் அனுப்பப்பட்ட குறிப்புகள் அவை. அன்றிரவு தங்கிய வீட்டிலோ தேநீர்க் கடையிலோ இருந்துகொண்டு எழுதப்பட்டவை என்பதால், விருந்தளித்தவரின் நிழல் எழுத்தின் மீதே விழுகிறது. மர்ஃபியைத் துணிச்சலின் உருவமாக மட்டும் காணும் அறிமுகங்கள் துப்பாக்கியை நினைவில் கொள்கின்றன. நூலின் பெரும்பகுதியோ தேநீர்க் கோப்பையைப் பற்றியது.

பேசாத விருந்தளிப்போர்

இங்கு ஆற்றுப்படை மரபை ஒப்புநோக்குவது பயன் தரும். சிறுபாணாற்றுப்படை, பெரும்பாணாற்றுப்படை, மலைபடுகடாம் ஆகியவற்றில் வழிநெடுக எயினரும் ஆயரும் உழவரும் பரதவரும் தத்தம் நிலத்து உணவை வழிப்போக்கருக்கு அளிக்கின்றனர். அவர்களுக்குத் தனிப்பெயர் இல்லை, திணைப்பெயரே பெயர். பெயர் பெறுபவன் பயணத்தின் முடிவில் இருக்கும் வள்ளல். 'ஃபுல் டில்ட்' நூலின் ஆப்கானியப் பகுதிகளிலும் விருந்தளிப்போர் பெரும்பாலும் இவ்வாறே அமைகின்றனர். தேநீர்க் கடைக்காரர், காவலர், ஓட்டுநர், ஊர்ப் பெரியவர் என்னும் வகைப்பெயர்களாலேயே அவர்கள் அறியப்படுகின்றனர். ஒரு வேறுபாடும் உண்டு. பாணரிடம் கைம்மாறாகத் தருவதற்கு யாழும் பாட்டும் இருந்தன; கேட்பவருக்கு அவை புரிந்தன. மர்ஃபி தரும் கைம்மாறு நூல். அதனை அவருக்கு விருந்தளித்தவர்கள் படிக்கப்போவதில்லை.

முழுப் பயணத்துக்கும் ஏறத்தாழ 64 பவுண்டே செலவானது என்று அவர் கணக்குக் காட்டுகிறார். சிக்கனத்தின் சான்றாகப் பாராட்டப்படும் இத்தொகையை வேறொரு வகையிலும் படிக்கலாம். மீதிச் செலவை ஏற்றவர்கள் வழியில் இருந்த எளிய மக்கள். மர்ஃபி இதனை அறியாதவர் அல்லர்; அவருடைய நன்றியுணர்வு நூல் முழுவதும் வெளிப்படுகிறது. ஆனால் அந்த நன்றியே சிக்கலாகிறது. கடன்பட்டவர் புகழ்கிறார், புகழ்ச்சி பொதுமையாகிறது, தனிமனிதர் 'ஆப்கானியர்' என்னும் ஒற்றை உருவத்துள் கரைந்துபோகிறார்.

ஆப்கானிஸ்தான் மீது அவர் கொண்ட காதல் வெளிப்படையானது. மேற்கத்திய வளர்ச்சி அந்நாட்டைக் கெடுத்துவிடும் என்ற அச்சமும் அவ்வளவே வெளிப்படையானது. சோவியத் ஒன்றியமும் அமெரிக்காவும் போட்டியிட்டு அங்குச் சாலை அமைத்துக்கொண்டிருந்த காலம் அது. அச்சாலைகளை ஐயத்தோடு நோக்கும் பயணியின் குரல் நூலில் உரக்க ஒலிக்கிறது. சாலையோரத்தில் வாழ்ந்தவர் அதனை விரும்பினாரா, மருத்துவமனைக்கு விரைந்து செல்ல உதவும் என்று எண்ணினாரா என்பதற்கு நூலில் போதிய இடமில்லை. காரணம் எளியது. உரையாடுவதற்கு இருவருக்கும் பொதுவான மொழி இல்லை. சைகையும் புன்னகையும் விருந்தைப் பரிமாறப் போதும். கருத்து மாறுபாட்டைப் பரிமாறப் போதா. மொழியற்ற இடத்தில் நல்லவராக இருப்பது எளிது. மறுத்துப் பேசுபவராக இருப்பது இயலாது.

ஆப்கானிஸ்தானில் அவர் மக்களோடு உண்மையிலேயே நெருக்கியடித்து அமர்ந்தது பேருந்து ஒன்றில்தான். அங்குத் துப்பாக்கிக் கட்டை பட்டு அவருடைய மூன்று விலா எலும்புகள் முறிந்தன. நெருக்கத்தைப் பற்றிப் பேசும் விமர்சகர்கள் இந்நிகழ்ச்சியைச் சாகசப் பட்டியலில் மட்டும் சேர்த்துவிடுவது வியப்புக்குரியது.

பாகிஸ்தான் பகுதியில் நிலைமை மாறுகிறது. மனிதர்கள் பேசத் தொடங்குகின்றனர், வாதிடுகின்றனர். ஆனால் யார் பேசுகின்றனர் என்பதை நோக்க வேண்டும். சுவாத்தில் அவர் ஆட்சியாளர் குடும்பத்து விருந்தினர். அங்கு அவரோடு உரையாடுவோர் ஆங்கிலம் கற்றோர், அதிகாரத்துக்கு அருகில் இருப்போர். கில்கித் மலைப்பகுதிக்குச் சென்றதும் மீண்டும் சைகை, மீண்டும் புகழ்ச்சி. ஒரே பயணி, ஒரே வண்டி; மாறியது மொழியும் அம்மொழி தாங்கிய வர்க்கமும். மிதிவண்டி வர்க்க வேலியைத் தாண்டிவிடுகிறது என்ற நம்பிக்கைக்கு இந்நூல் தன்னை அறியாமலே எதிர்ச்சான்று தருகிறது.

பெண் என்ற நிலை இதில் ஓரளவு வேறுபாட்டை உண்டாக்குகிறது. ஆண்கள் அமரும் விருந்தறையிலும் பெண்கள் வாழும் உட்பகுதியிலும் அவருக்கு இடமிருந்தது. இந்த இரட்டை உரிமை அக்காலத்து ஆண் பயணிகளுக்கு வாய்க்காதது. எனினும் உட்பகுதியில் கண்ட பெண்களோடும் அதே மொழித்தடைதான்.

மறுத்துப் பேசும் மனிதர்கள்

1976இல் வெளிவந்த 'ஆன் எ ஷூஸ்ட்ரிங் டு கூர்க்' நூலில் மிதிவண்டி இல்லை. ஐந்து வயது மகளோடு தென்னிந்தியாவில் கன்னியாகுமரி வரை வந்த அப்பயணத்தில், குடகில் ஏறத்தாழ இரண்டு மாதங்கள் தங்கியதால் உண்டான அண்டைவீட்டு உறவுகளே நூலுக்கு வலுச்சேர்க்கின்றன. தங்குதல் செய்ததை மிதித்தல் செய்ததில்லை என்று இங்குக் குறித்துவிட்டு அடுத்த மிதிவண்டி நூலுக்குச் செல்லலாம்.

'எ ப்ளேஸ் அபார்ட்' (1978) வட அயர்லாந்தின் வன்முறைக் காலத்தில் அப்பகுதியில் மிதிவண்டியில் திரிந்து எழுதியது. தூரம் குறைவு, தொலைதூரப் பயணம் என்று கூற இயலாது. ஆயினும் மர்ஃபியின் எழுத்தில் திருப்பம் நேர்வது இங்குத்தான். குடியரசுவாத மரபில் வந்த தென் அயர்லாந்துப் பெண், பிராட்டஸ்டன்ட் குடியிருப்புகளின் கதவுகளையும் தட்டுகிறார். இங்கும் தேநீர் கிடைக்கிறது. ஆனால் தேநீர் தந்தவர் அவர் மொழியிலேயே அவருடைய அரசியலை மறுக்கிறார். தாம் வளர்ந்த மரபின் எளிய விளக்கங்களை எழுத்தாளர் அடுத்தடுத்த பக்கங்களில் கைவிட நேர்கிறது. விருந்தினர் புகழ்ந்துவிட்டுச் செல்ல இயலாத இடம் இது. கடன் தீர்வது புகழ்ச்சியால் அன்று, கேட்டலால். மிதிவண்டியின் பங்கு இதில் சிறியது, ஆயினும் உண்மையானது. ஒவ்வொரு காரையும் ஐயத்தோடு நோக்கும் தெருவில், மிதித்து வரும் நடுத்தர வயதுப் பெண்ணிடம் அச்சம் தோன்றுவதில்லை.

'தி உகிம்வி ரோடு' (1993) கென்யாவிலிருந்து ஜிம்பாப்வே வரையிலான 1992ஆம் ஆண்டுப் பயணத்தின் நூல். அறுபது வயதைக் கடந்த மர்ஃபி, எய்ட்ஸ் குடும்பங்களை அழித்துக்கொண்டிருந்த ஊர்கள் வழியே செல்கிறார். 'உகிம்வி' என்பது சுவாஹிலி மொழியில் அந்நோய்க்கு வழங்கும் பெயர். நெடுஞ்சாலையே நோய் பரவிய வழிகளுள் ஒன்று. சரக்குந்து ஓட்டுநர்களும் சாலையோர மதுக்கடைகளும் அங்குப் பிழைத்த பெண்களும் அவ்வழியின் மனிதர்கள். ஆக, பயணி செல்லும் சாலை இங்குப் பின்னணியாக இல்லாமல் பொருளாகவே ஆகிறது. ஆங்கிலம் பரவலாக வழங்கிய நாடுகள் என்பதால் உயர்வர்க்கத்தினர் அல்லாதோரும் பேசுகின்றனர். நோயைப் பற்றியும், கணவர்களைப் பற்றியும், வெளிநாட்டு உதவி நிறுவனங்களைப் பற்றியும் அவர்கள் சொல்பவை ஒன்றோடொன்று முரண்படுகின்றன. அம்முரண்களை எழுத்தாளர் பல இடங்களில் தீர்க்காமல் விட்டிருப்பது நூலின் பெருமை. உதவி நிறுவனங்கள் குறித்துத் தம் தீர்ப்பை மட்டும் அவர் அடக்கிக்கொள்வதில்லை. அப்பக்கங்களில் வழிமனிதரின் குரல் தாழ்ந்து, பழைய ஆப்கானியப் பயணியின் உரத்த குரல் மீண்டும் கேட்கிறது.

முதல் நூலின் துணைத்தலைப்பில் ஊர்ப்பெயர்களோடு மிதிவண்டி நின்றது. இந்நூலின் தலைப்பிலோ துணைத்தலைப்பிலோ மிதிவண்டி இல்லை. அவ்விடத்தில் இருப்பது, வழியில் வாழ்ந்தவர்கள் தம் துயரத்துக்குத் தாமே வழங்கிய ஒரு சொல்.