இனிப்புக்குப் பிறகான ஜானகி அம்மாள்

கரும்பைப் பற்றி யாராவது பெருமையாப் பேசினா கள்ளக்குறிச்சிக்காரங்களுக்குக் காது தானாகத் திரும்பும். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் என்று ரெண்டு கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிற மாவட்டம் இது. அதனால் ‘இந்தியக் கரும்பை இனிக்க வைத்த பெண்’ என்று ஈ.கே. ஜானகி அம்மாளைப் பற்றி வாட்ஸப்பில் ஒரு கட்டுரை வந்ததும் படித்தேன். தேடிப் பிடித்து இன்னும் பத்துப் பன்னிரண்டு படித்தேன். எல்லாமே ஒரே கட்டுரைதான். 1897இல் தலச்சேரியில் பிறப்பு. தொடங்கிச் சில வருஷமே ஆன ராணி மேரி கல்லூரியில் படிப்பு, 1921இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ், 1931இல் மிச்சிகனில் முனைவர் பட்டம். அப்புறம் கோயம்புத்தூர், கரும்பு, லண்டன், பத்மஸ்ரீ, மறைவு. நாடு திரும்பிய பிறகு அவர் வாழ்ந்த முப்பத்து மூன்று வருஷத்துக்கு ரெண்டு வரி.

முதலில் அந்த இனிப்பு. காட்டு நாணலோடு கரும்பைக் கலந்து பார்பரும் வெங்கட்ராமனும் உருவாக்கிய ‘கோ 205’ ரகம் 1918இலேயே வயலுக்கு வந்துவிட்டது. ஜானகி அம்மாள் கோயம்புத்தூர் கரும்பு நிலையத்தில் சேர்ந்தது 1934இல். அவர் செய்தது வேறு, அதைவிடச் சுவாரசியமானது. கரும்பை மக்காச்சோளம் போன்ற தூரத்துச் சொந்தங்களோடு கலந்து, பிறந்த செடியின் குரோமோசோம்களை எண்ணினார். இந்தப் புல்லெல்லாம் எப்படி உறவு என்று கேட்டார். இதைத் தலைப்பில் போட்டால் யார் ஃபார்வர்டு பண்ணுவார்கள்? அதனால் சர்க்கரை டப்பா மாதிரி அவரை அலமாரியில் வைத்துவிட்டோம்.

சாவித்ரி ப்ரீதா நாயர் ஆங்கிலத்தில் எழுதிய பெரிய வாழ்க்கை வரலாறு இந்தக் குறையைப் பெருமளவு தீர்க்கிறது. ஆனால் அதன் தலைப்பில் உள்ள ஒரு சொல்லோடு எனக்குச் சண்டை: ‘நாடோடி’ விஞ்ஞானி. கேட்க அழகாத்தான் இருக்கு. இளவயதுப் பயணங்களுக்குப் பொருந்தவும் செய்கிறது. பிந்தைய வாழ்வுக்கு அதைப் போட்டுப் பார்த்தால்தான் இடிக்கிறது.

1945இல் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸை வெளியிட்டவர் அவர். இங்கிலாந்தில் விஸ்லி தோட்டத்தில் நல்ல வேலை. 1951இல் நேரு அழைத்தார் என்று விட்டுவிட்டு வந்தார். இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையைச் சீரமைக்கும் திட்டம் அவர் கையில். இந்தியச் செடிகளை இந்தியர்கள் இங்கேயே சேகரித்து இங்கேயே படிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. 1954இல் அந்தத் துறையின் தலைமைத் தாவரவியலாளர் பதவி ஸ்பெயினில் பிறந்த பாதிரியார் சாந்தாபாவுக்குப் போனது. சாந்தாபாவ் மட்டமான ஆளில்லை, தேர்ந்த தாவரவியலாளர். ஆனாலும் வீட்டுக்கு வரைபடம் போட்டவருக்குப் பக்கத்து அறை. டார்லிங்டனுக்கு எழுதிய கடிதத்தில் அவர் கசப்பை மறைக்கவில்லை. அதற்குப் பிறகு கல்கத்தா, அலகாபாத், ஜம்மு, டிராம்பே, கடைசியில் மெட்ராஸ். இடம் கொடுக்காமல் அலையவிட்டுவிட்டு, பிறகு நாமே நாடோடி என்று செல்லப் பெயர் வைப்பதா?

அவருடைய மனம் திரும்பிய இடம் என்று நான் நினைப்பது ஒரு மரம். ஷில்லாங்கிலிருந்து 37 மைல் போகிறார், அந்தப் பகுதியில் மிஞ்சியிருந்த ஒரே ஒரு மக்னோலியாவைப் பார்க்க. போனால் அது எரிக்கப்பட்டிருக்கிறது. உணவு உற்பத்தியைப் பெருக்கு என்று நாடே முழங்கிக்கொண்டிருந்த காலம். 1955இல் பிரின்ஸ்டனில், மனிதன் பூமியின் முகத்தை எப்படி மாற்றினான் என்பது பற்றிய பெரிய கருத்தரங்கு. அழைக்கப்பட்ட ஒரே பெண் இவர். அதிக மகசூல் கரும்பு பற்றிப் பேசியிருக்கலாம். இவர் பேசியது இந்தியாவின் பிழைப்பு வேளாண்மை பற்றி. பழங்குடிகள் வளர்க்கும் பயிர்கள், செடிகளைச் சொத்தாகப் பேணும் தாய்வழிச் சமூகப் பெண்கள், இவற்றை நெருக்கும் தானியப் பெருக்கம்.

இதை எங்க பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒட்டிக்கொள்கிறது. கச்சிராயபாளையத்தில் கரும்பு லாரிகளைத் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி, வெள்ளிமலைக்கு ஏறுகிற ரோட்டில் போங்க. கீழே வயலெல்லாம் ஆலைக்கான ஒரே பயிர். மேலே கல்வராயனில் மலையாளி மக்களின் சாமை, தினை, காட்டில் கடுக்காய். இப்போது அங்கேயும் மரவள்ளி பரவிக்கிடக்கிறது. அது காசு தருகிறது, சாமை தரவில்லை. யாரையும் குறை சொல்ல முடியாது. எங்க வீட்டிலும் கட்டிங் ஆர்டரை நம்பித்தான் பள்ளிக் கட்டணம் கட்டினோம். கீழே உள்ள வயலுக்கும் மேலே உள்ள கொல்லைக்கும் நடுவில் நின்று யோசித்தவர் ஜானகி அம்மாள். நாம் அவரைக் கீழேயே நிறுத்திவிட்டோம்.

1970இல் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் உயராய்வு மையத்துக்கு வந்தார். மதுரவாயலில் இருந்த அதன் வெளிக்கள ஆய்வகம்தான் வீடு மாதிரி. மஞ்சள் பட்டுச் சேலை, பூனைகள், மூலிகைத் தோட்டம். எண்பது வயதில் சைலண்ட் வேலி அணைத் திட்டத்தை எதிர்த்தார். அங்கேயும் அவர் செய்ய நினைத்தது அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுப்பது. ‘பள்ளத்தாக்கைக் காப்பாற்றியவர்’ என்று இவரை மட்டும் சொல்கிற கட்டுரைகளையும் ஒதுக்கலாம். சுகதகுமாரி, எம்.கே. பிரசாத், சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் ஊர் ஊரான கூட்டங்கள் எல்லாம் சேர்ந்த போராட்டம் அது. அந்தக் கூட்டத்தில் ஒரு கிழவியாக அவரை நினைத்துப் பார்க்கவே எனக்குப் பிடித்திருக்கிறது.

1984 பிப்ரவரி 7 அன்று, அந்த மதுரவாயல் ஆய்வகத்தில் வேலையில் இருந்தபோதே இறந்தார். சைலண்ட் வேலி தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது அதே வருஷம் நவம்பரில்.