விண்மீனும் மாசில்லாக் குழந்தைகளும்

ஆர்தர் சி. கிளார்க் என்றதும் 1968-இல் வெளிவந்த '2001' என்னும் விண்வெளித் திரைப்படமே பலருக்கு நினைவில் எழும். செயற்கைக்கோள்களை ஒரே இடத்தில் நிற்பனபோல் வானில் நிறுத்தி உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்று 1945-இலேயே எழுதியவர் அவர் என்பதைச் சிலர் அறிவர். இங்கிலாந்தில் 1917-இல் பிறந்தார். 1956-இல் இலங்கையில் குடியேறி, 2008 மார்ச் 19-இல் கொழும்பில் மறையும்வரை அத்தீவையே தம் இல்லமாகக் கொண்டார். தம் அடக்கத்தின்போது எம்மதச் சடங்கும் நிகழலாகாது என்று எழுதிவைத்துச் சென்றவர். அத்தகையவரால் கடவுளைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை என்பதே நம்மை வியக்க வைக்கிறது.

1953-இல் அவர் எழுதிய ஒரு சிறுகதையில் திபெத்தியத் துறவிகள் கடவுளின் 900 கோடிப் பெயர்களையும் கணிப்பொறியின் துணையால் எழுதி முடிக்கின்றனர். பணி நிறைவுறும் வேளையில், அவர்களை உள்ளூர நகைத்திருந்த பொறியாளர் இருவர் அண்ணாந்து பார்க்க, விண்மீன்கள் ஒவ்வொன்றாய் ஓசையின்றி அவிகின்றன. 1979-இல் வெளிவந்த 'சொர்க்கத்தின் நீரூற்றுகள்' என்னும் புதினம், மலைமேல் வாழும் பௌத்தத் துறவிகளை மரியாதையுடன் காட்டுகிறது. ஆயினும் அதில் வேற்றுலகத்து இயந்திரத் தூதன் ஒன்று புனித தோமா அக்குவினாசின் வாதங்களைச் சில சொற்களில் தகர்த்துவிடுகிறது. எதிர்வாதம் செய்ய அங்கே எவருமில்லாததால் அவ்வெற்றி எளிதாகிறது. இவ்விரண்டிலும் கிளார்க் இறைநம்பிக்கையை வெளியே நின்று பார்க்கிறார். உள்ளே நுழைந்து பார்த்தது, 1955-இல் வெளிவந்து மறு ஆண்டு ஹியூகோ விருது பெற்ற 'விண்மீன்' என்னும் சிறுகதையில்தான்.

கதையைச் சொல்பவர் இயேசு சபைத் துறவி. விண்கலம் ஒன்றின் தலைமை வானியலாளர். இது வெறும் கற்பனை அன்று. விண்மீன்களை அவற்றின் ஒளியின் நிறமாலையைக் கொண்டு 19-ஆம் நூற்றாண்டிலேயே வகைப்படுத்திய ஆஞ்செலோ செக்கி இயேசு சபைக் குருவே. வத்திக்கான் வானாய்வகத்தில் இன்றும் அச்சபையினர் பணியாற்றுகின்றனர். கதைத்துறவியின் அறையில் கணிப்பொறிக்கு மேலே பாடுபட்ட சுரூபம் தொங்குகிறது. அது பொருளற்ற சின்னமோ என்று வாழ்வில் முதன்முறையாக அவர் ஐயுறுகிறார்.

காரணம் இது: வெடித்துச் சிதறிய ஒரு விண்மீனின் எச்சத்தை ஆராயச் சென்ற குழு, அதன் கடைக்கோடிக் கோளில் ஒரு பாதுகாப்பறையைக் காண்கிறது. தங்கள் கதிரவன் அழியப்போவதை அறிந்த ஓர் இனம், வேறு விண்மீனுக்குத் தப்பிச் செல்லும் ஆற்றலின்றி, தன் கலைச் செல்வங்களை எல்லாம் அங்கே சேமித்துவிட்டு மாண்டிருக்கிறது. விட்டுச்சென்ற படங்களுள் ஒன்றில், நீலமணல் பரந்த கடற்கரையில் குழந்தைகள் அலைகளோடு விளையாடுகின்றனர். வெடிப்பின் ஒளி பூமியை வந்தடைந்த காலத்தைத் துறவி கணக்கிடுகிறார். அதுவே பெத்லகேமின் மேலே ஞானிகள் கண்ட விண்மீன்.

இதற்கு நாம் எளிதாய் மறுமொழி கூறிவிடலாம். அவ்விண்மீன் வெடித்துச் சிதறிய ஒன்று என்று நற்செய்தியாளர் மத்தேயு எங்கும் சொல்லவில்லை. அது தோன்றிய காலத்தை ஏரோதே ஞானிகளிடம் கேட்டறிய வேண்டியிருந்தது என்று வாதிடலாம். இது சரியான விடைதான். ஆனால் வானியலுக்கான விடை. கதையின் வினாவோ அக்குழந்தைகளைப் பற்றியது. படைத்தவருக்கு அழிக்கவும் உரிமை உண்டு, அவர் நமக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் அல்லர் என்ற விடையையும் அத்துறவி தமக்குத்தாமே சொல்லிப் பார்க்கிறார். நெஞ்சம் ஆறவில்லை.

கிளார்க் கவனியாது விட்டது வேறொன்று. அவர் விண்மீனோடு நின்றுவிட்டார். மத்தேயுவின் இரண்டாம் அதிகாரம் அங்கே நிற்பதில்லை. ஞானிகளிடம் கேட்டறிந்த காலத்தையே அளவுகோலாக்கி ஏரோது பெத்லகேமின் குழந்தைகளைக் கொன்றான். தன் மக்களை இழந்து ஆறுதல் பெற மறுக்கும் இராகேலின் அழுகையை நற்செய்தியாளர் அங்கேயே பதிவு செய்கிறார். அவ்வதிகாரத்தில் அவளுக்கு எவரும் ஆறுதல் கூறுவதில்லை. திருச்சபையும் மாசில்லாக் குழந்தைகளின் விழாவைக் கிறிஸ்து பிறப்புக்கு மூன்றாம் நாளில், டிசம்பர் 28-இல் வைத்திருக்கிறது. விண்மீனின் ஒளியில் குழந்தைகளின் குருதியும் தெரிகிறது என்பதை நமக்குப் புதிதாய் எவரும் சொல்ல வேண்டியதில்லை.

எனினும் ஒரு வேறுபாட்டை மறைப்பது நேர்மையாகாது. ஏரோதின் வாள் மனிதப் பாவம். விண்மீன் வெடிப்பில் குற்றவாளி எவரும் இல்லை. 2004 டிசம்பர் 26 காலையிலும் அப்படித்தான். கிறிஸ்து பிறப்பின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. ஹிக்கடுவையில் கிளார்க் நிறுவியிருந்த நீர்மூழ்கல் பயிற்சி நிலையத்தைத் தகர்த்த அதே ஆழிப்பேரலை, வேளாங்கண்ணிக்கு வந்திருந்த திருப்பயணிகளையும் வாரிச்சென்றது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடற்கரையில் விளையாடிய குழந்தைகள் நமக்குக் கதை அல்லர். அன்று 87 வயதாகியிருந்த கிளார்க் கடவுளோடு வழக்காடப் புகவில்லை. துயருற்றோருக்கு உதவுமாறு உலகை வேண்டினார்.

அந்நாள்களை அறிந்த நாம் இக்கதையை மீண்டும் படிக்கையில் இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன. முதலாவது, கதையின் கடைசி வினா எவரை நோக்கி எழுப்பப்படுகிறது என்பது. அது வாசகரை நோக்கியதன்று; இறைவனையே நேரில் விளித்துக் கேட்கப்படுகிறது. நம்பிக்கையின் சரிவைக் காட்ட எண்ணிய ஆசிரியர், திருப்பாடல்களில் நாம் காணும் புலம்பலின் வடிவிலேயே கதையை முடித்திருக்கிறார். இறைவன் இல்லை என்று முடிவுகட்டியவர் அவரிடம் ஏன் கேட்க வேண்டும்?

இரண்டாவது, கதையின் குறை. தம் துயரை அத்துறவி சுவரில் உள்ள புனித இஞ்ஞாசியாரின் படத்திடம் சொல்கிறார். அதே சுவரில் தொங்குபவரிடம் ஒரு சொல்லும் சொல்வதில்லை. சிலுவையில் அறையுண்ட ஆண்டவரை முன்னே கண்டு, நண்பன் நண்பனோடு பேசுவதுபோல் பேசுமாறு இஞ்ஞாசியார் தம் ஆன்மிகப் பயிற்சிகளில் கற்பிக்கிறார். இயேசு சபைத் துறவி எவரும் இதை மறப்பதற்கில்லை. கிளார்க் அறிந்த கடவுள் விண்மீன்களை இயக்கும் பெருந்தச்சர் மட்டுமே. ஏன் கைவிட்டீர் என்று தாமே தந்தையிடம் கேட்டு உயிர்விட்டவரை அவர் அந்த அறையில் தொங்கவிட்டார், பேசவிடவில்லை.

பேசவிட்டிருந்தால் விடை கிடைத்திருக்குமா? கிடைத்திருக்கும் என்று துணிந்து சொல்ல முடியவில்லை. கடற்கரையில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் விடை கூற முற்படுவோர் இராகேலை மறந்தவர்கள். ஆனால் கேட்பவரும் கேட்கப்படுபவரும் அதே துயரில் ஒன்றாய் நிற்பதை அக்கதையில் நாம் கண்டிருப்போம்.

ஆயினும் இக்கதையை நம் இளைஞருக்கும் குருமாணவருக்கும் தயங்காமல் பரிந்துரைக்கலாம். நம்பிக்கையற்ற ஒருவர் நம்பிக்கையாளரின் வேதனையை இவ்வளவு மதிப்போடு எழுதியது அரிது. டிசம்பர் 28 அன்று, திருப்பலி முடிந்தபின், மத்தேயுவின் இரண்டாம் அதிகாரத்தை அருகில் வைத்துக்கொண்டு அதைப் படிப்பது நலம்.