ஓய்வுக்கு முன்னால் ஒரு கிரிவலம்

ஓய்வு பெற இரண்டு மூன்று ஆண்டுகள் இருக்கும்போது பலருக்குத் திருவண்ணாமலை ஞாபகம் வந்துவிடுகிறது. பௌர்ணமிதோறும் சென்னை, வேலூர், விழுப்புரம் பக்கங்களிலிருந்து சிறப்புப் பேருந்துகளில் வந்து இறங்கும் பெருங்கூட்டத்தில் ஐம்பதைத் தாண்டிய ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், வருவாய்த்துறைக்காரர்கள் எத்தனையோ பேர். "ரிட்டயர் ஆனதும் செங்கம் ரோடு பக்கம் சின்னதா ஒரு வீடு பார்த்துடணும் சார்" என்ற பேச்சு பாதை நெடுகக் காதில் விழும். இதில் பக்தி உண்டு. கூடவே, அலுவலகம் இல்லாத காலைப்பொழுதை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கவலையும் உண்டு. அந்தக் கவலைக்குக் கிரிவலம் எவ்வளவு தூரம் விடையாகும்?

முதலில் அதன் பலத்தைச் சொல்ல வேண்டும். மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் நடை, நிதானமாகப் போனால் நான்கைந்து மணி நேரம். கட்டணமில்லை, பயிற்சி வேண்டாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. முப்பத்தைந்து ஆண்டுகள் பதவியின் பெயராலேயே அழைக்கப்பட்டவர், இங்கே செருப்பைக் கழற்றிவிட்டுப் பெயரில்லாத ஒருவராக நடக்கிறார். தாசில்தாரும் அவருடைய அலுவலக உதவியாளரும் ஒரே தார்ச்சாலையில்தான் கால் வைக்கிறார்கள். ஓய்வு பெற்ற மறுநாள் பலரைச் சாய்ப்பது பணக்குறைவைவிட இந்தப் பெயர் இழப்புதான். அதற்கு மாதம் ஒருமுறை பழகிக்கொள்வது பெரிய காரியம். வேலையோடு போய்விடுகிற நாள்கணக்கையும் பௌர்ணமி ஒரு வகையில் திருப்பித் தருகிறது.

ஆனால் பௌர்ணமி இரவுக்கூட்டத்தில் கண்ணுக்கு எதிரே இருப்பது முன்னால் போகிறவரின் முதுகு. 2,668 அடி உயர மலை பக்கத்திலேயே நிற்க, இந்திரலிங்கம், அக்னிலிங்கம், எமலிங்கம் என்று பாதையின் எட்டு லிங்கங்களையும் கணக்குத் தீர்த்துக்கொண்டு, விடிவதற்குள் பேருந்தைப் பிடிக்க விரைகிறவர்களே அதிகம். கோப்புகளை முடித்த மனம் இங்கும் கோப்புகளை முடிக்கிறது. உடம்பின் கணக்கு வேறு. நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர் வெறுங்காலோடு இருட்டில் நடந்தால், கல் குத்தியதே மறுநாள்தான் தெரியும். வயது ஏறியவர்களுக்கு இது அற்ப விஷயமல்ல. கிரிவலம் பௌர்ணமியில்தான் வர வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது. மெல்ல நடக்கவே இந்த மலையில் வாழ்ந்த ரமண மகரிஷி சொல்லிவந்தார். ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை விடியற்காலையில், அடி அண்ணாமலைப் பக்கம் வந்து நின்றால் மலை வேறொரு முகம் காட்டும்.

இவற்றைத் திருத்திக்கொள்ளலாம். திருத்த முடியாத குறை, ஊக்கத்தை இந்த இடமே தந்துவிடும் என்று நம்பிக் காத்திருப்பது. இந்த மலையின் வரலாறே இதற்கு மாறான சான்றைத் தருகிறது. 1902இல் சிவப்பிரகாசம் பிள்ளை என்ற வருவாய்த்துறை ஊழியர் அலுவல் காரணமாக இந்த ஊருக்கு வந்தார். மலையில் இருந்த இளம் ரமணரிடம், தன்னை வெகுகாலம் அரித்த கேள்விகளை எழுப்பினார். மௌனமாக இருந்த ரமணர் எழுத்தில் தந்த விடைகள்தாம் பின்னர், 1923இல், 'நான் யார்?' என்ற நூலாக வெளிவந்தன. பிள்ளை வேலையை விட்டது 1910இல். கேள்வி எட்டு ஆண்டுகளுக்கு முன்பே, வேலையில் இருக்கும்போதே, அவரிடம் இருந்தது. அதை அவர் மலைக்குக் கொண்டு வந்தார்.

கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் வேறு வகைச் சான்று. 1954இல் ஐ.ஏ.எஸ். பணிக்கு வந்தவர், அரசு வேலைக்கு நடுவிலேயே தமிழ் பிராமிக் கல்வெட்டுகளைத் தேடிக் குகைகளுக்குப் போனார். புகளூர்ச் சேரர் கல்வெட்டுகளை அவர் படித்தது 1960களில். சிந்துவெளி எழுத்துகளுக்கான பெருந்தொகுப்பு 1977இல் வந்தது. 2003இல் வெளியான தமிழ் பிராமிப் பெருநூல், ஓய்வுக்காலத்தில் முளைத்ததல்ல. நாற்பது ஆண்டு வேர் கொண்டது. தமிழக அரசு ஓய்வு வயதை 2020இல் 59 ஆகவும், 2021இல் 60 ஆகவும் உயர்த்தியது. அந்தக் கூடுதல் இரண்டு ஆண்டுகளை வெறுமனே காத்திருக்கும் காலமாக்காமல், ஒரு விருப்பத்தை ஊன்றப் பயன்படுத்தலாமே என்பது என் ஆதங்கம்.

ஊன்றுவதற்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழக அரசுத் தொல்லியல் துறை 1972இல் நூலாகவே வெளியிட்டது. எடத்தனூரில் பல்லவர் காலத்துக் கல்லொன்றில், மாண்ட வீரன் கருந்தேவக்கத்தியோடு அவன் நாய் கோவிவனும் பெயரோடு நிற்கிறது. ஒரு நாயின் பெயரை இத்தனை நூற்றாண்டு காத்து நிற்கும் கல்லைப் பார்க்க, பௌர்ணமிக்கு வருகிறவர்களில் எத்தனை பேர் போகிறார்கள்? மொட்டையாகிக் கிடந்த மலையில் 1980களின் இறுதியில் தொடங்கி மரம் நட்டு, கோடையில் தீ பரவாமல் காத்துப் பசுமையை மீட்ட வேலையும் இங்கேதான் நடந்தது. நட்டதற்கு நீர் ஊற்றுவது, தீத்தடுப்புப் பட்டையைச் சீராக்குவது, பறவைகளைக் கவனித்துக் குறித்து வைப்பது ஆகியவை வயதான கைகளுக்கும் கண்களுக்கும் முடிகிற வேலைகள். கிரிவலம் வந்த கால்களே இங்கும் பயன்படும்.

இதற்கு ஒரு மறுப்பு எழும். ஆயுசு முழுக்க உழைத்தவரை ஏன் இன்னும் சாதிக்கச் சொல்கிறாய், சும்மா நடக்கட்டுமே? நியாயமான மறுப்பு. நான் சாதனையைக் கேட்கவில்லை. சும்மா நடப்பதில் உண்மையாகவே நிறைவு காண்பவருக்கு வேறெதுவும் தேவையில்லை. நிறைவு வராமல், வரும் வரும் என்று மாதம் எண்ணுகிறவருக்காகவே இதைச் சொல்கிறேன்.

என் விமர்சனம் பொருந்தாத ஒரு கூட்டமும் பாதையில் இருக்கிறது. கணவர் ஓய்வு பெற்ற பிறகு அடுப்படியில் காப்பி, டிபன் வேளைகள் கூடிப்போன பெண்கள் அவர்கள். அவர்களுக்கு ஓய்வு வயது என்று எந்த அரசாணையும் கிடையாது. அக்கம்பக்கத்துப் பெண்களோடு சேர்ந்து இரவு முழுக்க, யாருக்கும் பதில் சொல்லாமல், இடுக்குப் பிள்ளையார் கோயில் அருகே உட்கார்ந்து கதை பேசி, காலையில் ஊர் திரும்புகிறார்கள். கூட்டத்தையும் அவசரத்தையும் குறை சொல்லும் நான், அவர்களிடம் செவ்வாய்க்கிழமை விடியலில் வாருங்கள் என்று சொல்ல மாட்டேன். வீட்டில் யாரும் மறுப்புச் சொல்ல முடியாத விடுப்பு அவர்களுக்கு இந்தப் பௌர்ணமி ஒன்றுதான்.