ஓரானும் பாப்பாரப்பட்டியும்

ஆல்பெர் காம்யுவின் ‘கொள்ளைநோய்’ நாவலை 2020ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், தர்மபுரியில் இருந்துகொண்டு மூன்றாவது தடவையாகப் படித்தேன். முதல் இரண்டு தடவையும் அது எனக்கு ஒரு தத்துவ நாவலாகத்தான் பட்டது. மூன்றாவது தடவை, வாசல் கதவைச் சாத்திக்கொண்டு படித்தபோது, அதை மிக நல்ல நாவல் என்று நினைப்பதற்கும் அதன்மேல் கோபப்படுவதற்கும் ஒரே சமயத்தில் காரணங்கள் கிடைத்தன.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். தனிமையைப் பற்றி அதில் வருகிற பகுதிக்கு ஈடாக நோய்க் கதை எதிலும் நான் படித்ததில்லை. ஓரான் நகரத்தின் வாயில்களை அடைத்தாகிவிட்டது. கடிதங்கள் தொற்றைக் கொண்டுபோகும் என்று தபாலையும் நிறுத்திவிடுகிறார்கள். மிஞ்சுவது தந்தி ஒன்றுதான். வருஷக்கணக்காகச் சேர்ந்து வாழ்ந்தவர்கள், நலம், உன் நினைவு என்று நாலு வார்த்தைக்குள் அடங்கிப்போகிறார்கள். இதைக் காம்யு கற்பனை செய்து எழுதவில்லை. 1942இல் காசநோய்க்காகப் பிரான்சின் மலைப் பிரதேசத்தில் தங்கியிருந்தார். யுத்தம் குறுக்கே வந்து, அல்ஜீரியாவிலிருந்த மனைவியிடம் திரும்ப வழியில்லாமல் போயிற்று. பிரிவு என்பது நாளடைவில் துக்கம்கூட இல்லாமல் ஒருவித மந்தமாகிவிடும் என்று அவர் எழுதுவது அனுபவித்தவர் எழுத்து.

நமக்குத் தந்தி இல்லை. டெலிபோன் இருந்தது, எவ்வளவு நேரமும் பேசலாம். ஆனால் அந்த நாட்களில் யாரைக் கூப்பிட்டாலும் முதலில் ஒருவர் இருமினார். அப்புறம் சர்க்காரின் அறிவுரை. அதற்கும் அப்புறம்தான் மகன் குரல். எதிர்வீட்டுப் பெரியவருக்குப் பிள்ளை பெங்களூரில். தினமும் இரண்டு வேளை பேசுவார். “சாப்பிட்டியாப்பா?” “சாப்பிட்டேன். நீங்க?” அத்துடன் சரி. வார்த்தைக்குக் காசு கொடுத்த தந்தியும் இதைவிடக் குறைவாகச் சொல்லியிருக்காது. காம்யு சரியாகத்தான் பார்த்திருக்கிறார்.

இனி என் கோபம். ஓரானில் முதலில் எலிகள் சாகின்றன, பிறகு மனிதர்கள். வைத்தியர்கள் நோயின் பெயரைச் சொல்லவே தயங்குகிறார்கள். அறிவிப்புகளை யார் கண்ணிலும் படாத மூலைகளில் ஒட்டுகிறார்கள். கடைசியில்தான் உத்தரவு வருகிறது. இங்கே எல்லாம் தலைகீழ். மார்ச் 24ஆம் தேதி இரவு எட்டு மணிக்குப் பிரதமர் பேசினார். நள்ளிரவு முதல் இருபத்தொரு நாள் தேசம் முழுவதும் அடைப்பு. அன்று தர்மபுரி ஜில்லாவில் ஒரு நோயாளி இல்லை. ஏப்ரல் பாதி தாண்டும்வரைகூட இல்லை. நோய் வருவதற்கு முன்னால் தனிமை வந்துவிட்டது.

இந்த வித்தியாசம் சாதாரணமானதல்ல. கண்ணெதிரே சாவு இருந்தால் மனிதன் சாவைப் பற்றி நினைப்பான். சாவு கண்ணில் படாதபோது, கதவைச் சாத்தியது யார் என்று நினைக்க ஆரம்பிக்கிறான். மார்ச் 22 மாலை ஐந்து மணிக்குக் கை தட்டச் சொன்னார்கள். ஏப்ரல் 5 இரவு ஒன்பது மணிக்கு, ஒன்பது நிமிஷம் மின்விளக்கை அணைத்து அகல் ஏற்றச் சொன்னார்கள். எங்கள் தெருவில் சிலர் பக்தியோடு ஏற்றினார்கள். சிலர் பக்கத்து வீட்டுக்குப் பயந்து ஏற்றினார்கள். ஒரு வீட்டில் மட்டும் எல்லா விளக்கும் பளிச்சென்று எரிந்தது. அது எதிர்ப்பா, மறதியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

கோபம் வந்தது. ஆனால் எப்பேர்ப்பட்ட கோபம்! அடைத்து வைத்ததனால்தான் நோய் இங்கே வரவில்லையோ என்று உடனே ஒரு சந்தேகமும் கூடவே வந்தது. நாலு மணி நேர அவகாசத்தில் கூலிக்காரன் எங்கே போவான் என்று கேட்டால், தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மனசே பதில் கேள்வி கேட்டது. இந்த வழக்கைத் தீர்க்கும் இடம் டீக்கடை பெஞ்சு. எதிர்த்துப் பேச ஓர் ஆள் இருந்தால்தான், நம்முடையது நியாயமான கோபமா, வெறும் எரிச்சலா என்று நமக்கே புரியும். முதலில் மூடியது அந்தப் பெஞ்சைத்தான். தனியாக வைத்துக்கொண்ட அரசியல் கோபம் புளித்துப்போகிறது. வீட்டிலிருப்பவர்கள் மேல்தான் கொட்டுகிறது.

இதற்குக் காம்யுவிடம் இடமில்லை. அவருடைய மனிதர்கள் தாரூவின் தொண்டர் படையில் சேர்ந்து நோயாளிகளுக்கு உழைக்கிறார்கள். உழைப்பில் தனிமை கரைகிறது. அழகுதான். ஆனால் கிருமியோடு போராடலாமே தவிர, அதனிடம் நியாயம் கேட்க முடியாது. நாஜி ஆக்கிரமிப்பை ஒரு கிருமியாக மாற்றிவிட்டால் சரித்திரம் நழுவிவிடுகிறது என்ற பொருளில் ரோலான் பார்த் 1955இல் ஆட்சேபித்தார். வெறும் விமர்சகரின் குதர்க்கம் என்று நினைத்திருந்தேன். இப்போது பாதிக்குமேல் ஒப்புக்கொள்கிறேன்.

நாவலிலேயே சான்று இருக்கிறது. ராம்பெர் என்ற பத்திரிகைக்காரன் ஓரானுக்கு வருவது அராபியர்களின் வாழ்க்கை நிலையைப் பற்றி எழுத. முழு உண்மையையும் எழுத உனக்கு அனுமதி உண்டா என்று டாக்டர் ரியூ கேட்கிறார். பிரமாதமான கேள்வி! ஆனால் நகரம் அடைபட்டதும் அந்தக் கட்டுரையும் போயிற்று, அராபியர்களும் போனார்கள். அவர்கள் ஊரில் அவர்கள் எப்படிச் செத்தார்கள் என்று நாவல் சொல்வதில்லை. காம்யு தெரியாதவரல்ல, 1939இல் கபீலியா மலைமக்களின் பஞ்சத்தை நேரில் பார்த்துப் பத்திரிகையில் எழுதியவர்.

வீட்டுக்குள் உட்கார்ந்து நாவல் படித்த எங்களுக்கும் அராபியர்கள் இருந்தார்கள். பென்னாகரம் பக்கத்திலிருந்து கட்டட வேலைக்குப் பெங்களூர் போனவர்கள், கிடைத்த லாரியிலும் கால்நடையாகவும் ஊர் திரும்பினார்கள். ஊருக்குள் விடலாமா கூடாதா என்பதே பேச்சாக இருந்தது. எதிர்வீட்டுப் பெரியவர்கூட, “இவன்களாலே நமக்கு வராம இருக்கணும்” என்றார், மகன் பெங்களூரில் இருக்கும்போதே.

அப்போதுதான் எனக்குச் சுப்பிரமணிய சிவாவின் நினைவு வந்தது. 1908இல் வ.உ.சி.யோடு கைதானவர். சிறையில் குஷ்டரோகம் கண்டது. அந்த நோயைக் காட்டி ரயிலில் ஏறக்கூடாது என்று வெள்ளைச் சர்க்கார் தடுத்தது. அவர் நடந்தார், ஊர் ஊராக நடந்து பேசினார். கடைசியில் தர்மபுரிக்குப் பக்கத்தில் பாப்பாரப்பட்டியில் தங்கி, பாரதமாதாவுக்குக் கோயில் கட்ட நினைத்தார். 1923இல் சித்தரஞ்சன் தாஸ் அஸ்திவாரக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23ஆம் தேதி சிவா அங்கேயே காலமானார். அவருக்கு நாற்பது வயதுதான்.

அவர் தனிமை நம்முடையதைவிட எவ்வளவோ பெரிது. ஆனால் உத்தரவு போட்டவன் யார், எதற்காகப் போட்டான் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. அவர் கோபத்துக்கு விலாசம் இருந்தது. விலாசமில்லாத கோபத்தோடு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தவனையும் அவரையும் ஒரே நாவலில் எழுத ஒருவருக்குத் துணிவு வரலாம். இதுவரை நான் படித்த கொரோனாக் கதைகளில், ஜன்னல் வழியே வானத்தைப் பார்ப்பதுதான் அதிகம்.

புத்தகத்தை மூடிவிட்டு, பாப்பாரப்பட்டி வரை போய் அவர் நினைவிடத்தைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. பஸ் ஓடவில்லை. நடக்க எனக்குத் தோன்றவில்லை.