உருக்கம் உரைக்கும் ஆங்கிலப் பெயரடைகள்

உள்ளத்தை உருக்கும் அநுபவத்தை எடுத்துரைக்க ஆங்கிலத்திற் பெயரடைகள் பல உள. அவற்றுட் சில காலப்போக்கில் இகழ்ச்சிச் சொற்களாய் இழிந்தன. சில இன்றும் மதிப்புக் குன்றாது வழங்குகின்றன. இவ்வேறுபாட்டின் காரணம் ஆராயத்தக்கது.

'பதெற்றிக்' என்னும் சொல் 'பதொஸ்' என்னும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. சாமுவேல் ஜோன்சன் 1755 இல் வெளியிட்ட அகராதியில் அது உணர்ச்சியை எழுப்புவது என்னும் நற்பொருளே பெற்றது. 1893 இல் அரங்கேறிய சைக்கோவ்ஸ்கியின் ஆறாம் சிம்பனி அச்சொல்லின் பிரெஞ்சு வடிவத்தையே பெயராகத் தாங்கி நிற்கின்றது. இன்றோ, ஒருவனது முயற்சியைப் 'பதெற்றிக்' என்றால் அஃது எள்ளத்தக்கது என்பதே பெரும்பாலும் கருத்தாகும். 1768 இல் லோறன்ஸ் ஸ்ரேண் தம் நூலின் தலைப்பில் அமைத்த 'சென்ரிமென்ரல்' என்பது அக்காலத்தில் நுண்ணுணர்வுடைமையைக் குறித்தது. பின்னர் மிகையுணர்ச்சிக்குப் பெயராயிற்று. ஓவியர் அழுபவளாகத் தீட்டிய மகதலேனா மரியாளின் பெயரிற் பிறந்த 'மோட்லின்' என்பதோ, மதுமயக்கத்தில் அழுவோனைச் சுட்டுமளவிற்குத் தாழ்ந்தது.

இனி, நிலைத்து நிற்கும் சொற்களை நோக்குக. 'மூவிங்' என்பது அசைப்பது. 'ரச்சிங்' என்பது தொடுவது. 'பொயின்யன்ற்' என்பது அடிப்பொருளிற் குத்துவது. 'ஹரோவிங்' என்பது, உழுத நிலத்தின் கட்டிகளைப் பற்களாற் கிழித்துடைக்கும் கருவியின் பெயரடியாகப் பிறந்தது. முன்னையவை உணர்ச்சியையோ அதனை உடையாரையோ சுட்டின. இவையோ உள்ளத்தில் நிகழும் செயலைச் சுட்டுகின்றன. உணர்ச்சியின் பெயரை அஃது இல்லாதவிடத்தும் எளிதிற் சூட்டலாம். பொய்யாகச் சூட்டப்படுந்தோறும் சொல் மதிப்பிழக்கும். செயலைக் குறிக்கும் சொல்லோ, அசைத்தது எது, குத்தியது எவ்விடத்து என்னும் வினாவை எழுப்பி, எழுதுவோனை நூலிடத்தே மீளச் செய்யும். இது விலக்கற்ற விதியன்று. 'ரச்சிங்' என்பதையும் ஏளனமாகக் கூறுவாருளர். ஆயினும், பொதுப்போக்கு இதுவே. தமிழில் 'உருக்கம்' என்னும் சொல்லும் உருகுதல் என்னும் செயலடியாகப் பிறந்தமை ஈண்டு ஒப்பிடத்தக்கது.

பழைய திறனாய்வாளர் 'பதெற்றிக்' எனப் போற்றிய காட்சியை அவர் பழித்ததாகக் கொள்ளும் மாணவன், நூலாசிரியருக்கும் திறனாய்வாளருக்கும் ஒருங்கே தீங்கிழைக்கின்றான். பொருளறிந்து பெயரடையை ஆள்பவனுக்கும் ஒரு கடன் உண்டு. ஒரு காட்சி உருக்கமானது எனக் கூறி அமைதல் திறனாய்வாகாது. அவ்வுருக்கம் எச்சொல்லால், எந்நிகழ்ச்சியால் விளைந்தது எனக் காட்டுதலே திறனாய்வாகும்.