உரிந்து வரும் கறுப்பு

கார்பன் எஃகுக் கத்திக்குக் கறுப்பு பவுடர் கோட்டிங் கொடுப்பது துருப் பிடிக்காமல் இருக்கத்தான். ஆனால் பூசணியில் இறக்கினால் அதுவே இழுத்துப் பிடிக்கும். அதை வீட்டிலேயே உரிப்பதில் தனி சுகம். கூர்ப்பக்கத்தை டேப்பால் மூடி, கையுறை மாட்டிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்விட வேண்டும். பெயிண்ட் ரிமூவர் நெடி வீட்டுக்குள் ஆகாது. தடவிய சற்று நேரத்தில் பூச்சு பாலாடைபோலச் சுருங்கி எழும்பும். மரச்சிராயால் தள்ளினால் சுருள் சுருளாக வழிந்து வரும்.

உள்ளே பளபளப்பு இருக்காது. சாம்பல் படர்ந்த சொரசொரப்புதான். எனக்குப் பிடித்த வேலை அங்கேதான் தொடங்குகிறது. வாட்டர் பேப்பரைக் கட்டையில் சுற்றி, தண்ணீர் தொட்டு, பிடியிலிருந்து நுனிவரை ஒரே திசையில் இழுக்க வேண்டும். 220-ஆம் நம்பரில் கரகரவென்று கேட்ட சத்தம், 600-க்குப் போகும்போது காதைக் கிட்டே வைத்தால்தான் கேட்கும். குறுக்கே ஒரு இழுப்பு போனாலும் கீறல் காட்டிக்கொடுத்துவிடும். சோப்புப் போட்டு நன்றாகக் கழுவி, துடைத்து, உடனே எண்ணெய் தடவ வேண்டும். ஈரம் நின்ற இடத்தில் துரு பூத்துவிடும். மாங்காய் அரிந்தால் அலகில் நீலமும் சாம்பலுமாகக் கறை ஏறும். அது துருவைக் கொஞ்சம் தடுக்கவும் செய்யும். அதையும் தேய்த்துப் போக்குகிறவர்கள் உண்டு. எனக்கு மனம் வராது.